பிக்கப்ல வாடகை ட்ரெய்லர் கட்டி வீடு மாத்தும்போது வழியில வர்ற கோளாறுகள், எதுக்கு எங்க பாக்கணும்

ராமேஸ்வரம் தீவுல இருந்தோ மண்டபம், கீழக்கரை, தொண்டி பக்கம் இருந்தோ மதுரை, திருச்சி, சென்னைன்னு வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறவங்களுக்காக இதை எழுதுறேன். பொலிரோ மாதிரி ஒரு பிக்கப் கையில இருக்கு, அதுல கொள்ளாத சாமானுக்கு ரெண்டு சக்கர ட்ரெய்லர் ஒண்ணை வாடகைக்கு எடுத்துப் பின்னாடி மாட்டியாச்சு, கிளம்பியாச்சு, போற வழியில ஏதோ ஒண்ணு சரியில்லைன்னு மனசுக்குப் படுது. என்ன படுதோ அந்தத் தலைப்புக்கு நேரா போய்ப் படிங்க. கிளம்புறதுக்கு முந்தின நாள் முழுசா படிச்சுட்டா இன்னும் நல்லது.

படிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். ட்ரெய்லர் ஓட்டத்துல காட்டுற கோளாறுல பெரும்பாலானது சாமான் ஏத்துன இடத்துலயே ஆரம்பிச்சதுதான், வேகம் எடுத்த பிறகு வெளிய தெரியுது, அவ்ளோதான். அதனால ஸ்டியரிங்கைப் பிடிச்சு சமாளிச்சுட்டே ஓட்டலாம்னு நினைக்காம ஓரம் கட்டி இறங்கிப் பாருங்க, நின்ன இடத்துல சரி பண்ணுங்க. ரெண்டாவது விஷயம் உப்பு. நம்ம பக்கம் வாடகைக்குக் கிடைக்கற ட்ரெய்லர்ல பாதி, வல்லத்தையும் பைபர் படகையும் கடலுக்குள்ள இறக்கி ஏத்துனதுதான், மீதி உப்புக்காத்துலயே வருஷக்கணக்கா நின்னது. திருச்சிக்காரன் ட்ரெய்லர்ல மெதுவா வர்ற துரு நம்ம ட்ரெய்லர்ல சீக்கிரமா வந்துரும், அதை மனசுல வச்சே ஒவ்வொண்ணையும் பாக்கணும்.

வேகம் கூடுனா ட்ரெய்லர் வால் ஆட்டுது

இது ஆளைக் கொல்ற கோளாறு, அதனால நிதானமா படிங்க. 50-ல போகும்போது ஒண்ணும் தெரியாது, 65, 70 தொட்டதும் கண்ணாடியில பாத்தா ட்ரெய்லர் இடமும் வலமுமா லேசா அலையும், கொஞ்ச நேரத்துல பிக்கப்போட பின்பக்கத்தையும் சேர்த்து இழுக்க ஆரம்பிக்கும், எதிர்ல ஒரு பஸ் வேகமா கடந்து போனா அந்தக் காத்துலயே ஆட்டம் ரெண்டு மடங்காகும்.

அந்த நேரத்துல பண்ண வேண்டியது ரொம்ப கொஞ்சம். ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுங்க, ஸ்டியரிங்கை நேரா கெட்டியா பிடிங்க, வண்டி தானா வேகம் குறையட்டும். ட்ரெய்லர் இடது பக்கம் போகுதேன்னு ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிச்சா அடுத்த ஆட்டம் அதைவிடப் பெருசா வரும். பிரேக்கை ஓங்கி மிதிச்சா பிக்கப் நிக்கப் பாக்கும், பின்னாடி இருக்கற பாரம் நிக்காது, அது தள்ளிக்கிட்டு வந்து வண்டியையே மடக்கிப் போட்டுரும். வேகத்தைக் கூட்டுனா நேராயிரும்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க, தயவுசெஞ்சு கேக்காதீங்க, அந்த வேகத்துல ஆட்டம் திரும்ப வந்தா உங்க கையில எதுவுமே இருக்காது. ஆட்டம் அடங்கி 40-க்குக் கீழ வந்த பிறகு மெதுவா ஓரம் கட்டுங்க.

நிறுத்திட்டு முதல்ல பாக்க வேண்டியது பின்பாரம். மாட்டு வண்டியில மூட்டை ஏத்துறவங்க முன்பாரம் பின்பாரம் பாத்து ஏத்துவாங்கல்ல, பின்பாரம் ஆயிட்டா ஏர்க்கால் மேல தூக்கி மாட்டோட கழுத்துல கயிறு இறுக்கும், இங்கயும் அதே கணக்குதான். ட்ரெய்லரும் சாமானும் சேர்ந்த மொத்த எடையில 100-க்கு 10-ல இருந்து 15 பங்கு வரைக்கும் முன்னாடி ஹிட்ச் மேல, அதாவது பிக்கப்ல ட்ரெய்லரை மாட்டுற இடத்து மேல உக்காரணும். ட்ரெய்லரும் சாமானும் சேர்ந்து 700 கிலோன்னா ஹிட்ச் மேல 70-ல இருந்து 105 கிலோ வரைக்கும் இருக்கணும். அதுக்குக் கீழ போனா வால் ஆட்டும்.

அளக்கறது கஷ்டமே இல்ல. மொத்த எடையை எடை மேடையில போட்டுக்கங்க. ஹிட்ச் மேல உக்கார்ற எடைக்கு, மீன் ஏலம் விடுற இடத்துல இருக்குமே அந்த பிளாட்பாரத் தராசு, அது போதும். சமதளத்துல ட்ரெய்லரை நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கல்லு குடுத்து, பிக்கப்ல இருந்து கழட்டி, தராசு மேல ஒரு கட்டையை நிக்க வச்சு அந்தக் கட்டை மேல ட்ரெய்லர் மூக்கை இறக்குங்க. வண்டியில மாட்டும்போது மூக்கு எந்த உயரத்துல இருக்குமோ கிட்டத்தட்ட அதே உயரத்துல இருக்கணும், ரொம்ப தாழ்த்துனா கணக்கு தப்பும். தராசு கிடைக்கலைன்னா ஆக்ஸிலுக்கு முன்னாடி 60 பங்கு, பின்னாடி 40 பங்குன்னு வச்சு ஏத்துங்க, பெரும்பாலும் சரியா வந்துரும்.

வீட்டு சாமான்ல இந்தத் தப்பு எப்படி நடக்குதுன்னா, கடைசி வரைக்கும் வீட்டுல புழங்குறது எல்லாம் கடைசியா வரும். கிரைண்டரு, கேஸ் அடுப்பு, வாஷிங் மெஷின், தண்ணி ட்ரம், இதெல்லாம் கடைசியா வெளிய வர்றதால ட்ரெய்லரோட கடைசிலயே போய் உக்காந்துரும். முன்னாடி எல்லாம் மெத்தையும் தலகாணியும் துணி மூட்டையும். பாக்க நிறைஞ்ச மாதிரி இருக்கும், ஆனா பாரம் மொத்தமும் வால்ல. கிரைண்டர் கல்லை மட்டும் தனியா எடுத்து ஆக்ஸிலுக்கு முன்னாடி தரையோட தரையா வச்சுப் பாருங்க, ட்ரெய்லர் குணமே மாறும். பீரோவைப் படுக்க வைங்க, நிக்க வச்சா காத்துக்கு அதுவே பாய்மரம் ஆயிரும், வளைவுல குடை சாய்க்கவும் அதுவே போதும்.

பாரம் சரியா இருந்தும் ஆடுதுன்னா டயர் காத்து ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கா, ஸ்பிரிங் பட்டையைப் பிடிச்சிருக்கற யூ போல்ட்டு தளர்ந்திருக்கா, ட்ரெய்லர் தளம் ரோட்டுக்கு சமமா நிக்குதா, மூக்கு மேல தூக்கி நிக்குதான்னு பாருங்க. மூக்கு தூக்கி நின்னா பாரம் பின்னாடி சரியும், ஹிட்ச் உயரத்தை இறக்கி மாட்டணும்.

பாம்பன் பாலத்துல மட்டும் ஆடுது, மத்த இடத்துல இல்ல

அப்ப அது காத்து. ஆனி ஆடியில தெற்கயும் தென்மேற்கயும் இருந்து அடிக்கற காத்து, ஐப்பசி தாண்டுனா வாடை, ரெண்டுமே பாலத்துக்குக் குறுக்கதான் வரும், 2 கிலோமீட்டருக்கு மேல நீளமான பாலத்துல ஒதுங்க ஒரு மரம் கூட கிடையாது. பக்கத்துல இருந்த பழைய ரயில் பாலத்துல காத்து 58 கிலோமீட்டர் வேகம் தாண்டுனா ரயிலையே நிறுத்தி வச்சாங்கன்னா, தார்ப்பாய் போட்ட உங்க ட்ரெய்லர் எம்மாத்திரம்னு யோசிச்சுப் பாருங்க. பாலத்துல 40-ஐத் தாண்டாதீங்க. தார்ப்பாய் ஓரம் படபடன்னு அடிச்சா பாலம் ஏறுறதுக்கு முன்னாடியே பாம்பன்ல நிறுத்தி இழுத்துக் கட்டிருங்க. கடலையும் ரயிலையும் பாக்க வண்டியைப் பாலத்து ஓரத்துல போட்டுட்டு நிக்கற கூட்டம் எந்நேரமும் இருக்கும், அவங்களை ஒதுங்கிப் போகும்போது ட்ரெய்லர் அகலத்தை மறந்துராதீங்க, பிக்கப்பை விட ட்ரெய்லர் வெளிய துருத்திட்டு இருக்கும். காத்து ரொம்ப பலமா இருந்தா காத்திருங்க, விடியக்காலையில பெரும்பாலும் கொஞ்சம் தணிஞ்சிருக்கும்.

முன் சக்கரம் லேசா மிதக்கற மாதிரி இருக்கு, ஹெட்லைட் மரத்து உச்சியைக் காட்டுது

இது வால் ஆட்டுறதுக்குச் சொன்ன பின்பாரத்துக்கு நேர் எதிர். ஹிட்ச் மேல பாரம் அதிகமாகி பிக்கப்போட பின்பக்கம் உக்காந்து மூக்கு தூக்கிருச்சு. ஸ்டியரிங் லேசா இருக்கும், திருப்புனா உடனே கேக்காது, மழை ரோடுன்னா ரொம்ப ஆபத்து, எதிர்ல வர்றவன் கண்ணு கூசி டிம் டிம்னு லைட் அடிச்சுக்கிட்டே வருவான். ஹிட்ச் மேல உக்கார்ற எடையும் பிக்கப் தொட்டியில ஏத்துன சாமானோட சேர்ந்த கணக்குதான், ரெண்டையும் கூட்டி உங்க வண்டி தாங்குற எடைக்குள்ள இருக்கணும். தொட்டியில பின்கதவை ஒட்டி இருக்கற கனத்த சாமானை கேபினை ஒட்டி நகத்துங்க, ட்ரெய்லர்ல கொஞ்சத்தை ஆக்ஸில் மேல நகத்துங்க. பின்னாடி நகத்துறேன்னு ஆரம்பிச்சு பின்பாரம் ஆக்கிராதீங்க.

ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கும்போது ஹிட்ச்ல டங்குன்னு சத்தம்

லேசா ஒரு சத்தம் எப்பவும் இருக்கும். ஒவ்வொரு தடவை பிரேக் பிடிக்கும்போதும் எடுக்கும்போதும் டங்கு டங்குன்னு இடிச்சா உடனே நிறுத்துங்க. பிக்கப் ஹிட்ச்ல இருக்கற இரும்புக் குண்டோட அளவும், அதைக் கவ்வுற ட்ரெய்லர் மூக்குக் கிண்ணம், அதாவது கப்ளரோட அளவும் ஒண்ணா இருக்கணும். குண்டு சின்னதா, கப்ளர் பெருசா இருந்தாலும் லாக் விழுந்துரும், பாக்கறதுக்கு மாட்டுன மாதிரியே இருக்கும், ஒரு பெரிய பள்ளத்துல தூக்கிப் போட்டா கழண்டு வந்துரும். அளவு குண்டு மேலயும் கப்ளர் மேலயும் அடிச்சிருக்கும், 50 மில்லிமீட்டர்னா ரெண்டுலயும் 50 இருக்கணும். துரு ஏறி எழுத்து தெரியலைன்னா வாடகைக்கு விடுறவர்கிட்ட, அண்ணே காலிபர் வச்சு அளந்து காட்டுங்கன்னு கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல.

மாட்டுன பிறகு ஒரு சோதனை இருக்கு. கப்ளரை லாக் பண்ணி பின் போட்டுட்டு, ட்ரெய்லர் மூக்குக்குக் கீழ ஜாக்கி வச்சு மேல தூக்குங்க. பிக்கப்போட பின்பக்கமும் சேர்ந்து மேல வந்தா சரியா கவ்வியிருக்கு. கப்ளர் மட்டும் தனியா எழும்புனா கவ்வல.

ட்ரெய்லரையும் பிக்கப்பையும் சேர்க்கற பாதுகாப்புச் செயின் ரெண்டும் மூக்குக்கு அடியில ஒண்ணை ஒண்ணு குறுக்க வெட்டிப் போகணும். கப்ளர் கழண்டாலும் மூக்கு ரோட்டுல குத்தாம செயின் மேல உக்காரும், அதுக்குத்தான். வளைவுல திரும்புற அளவுக்குத் தொய்வு இருக்கணும், ரோட்டுல உரசுற அளவுக்கு இருக்கக் கூடாது. செயினுக்குப் பதிலா நைலான் கயிறு கட்டிக் குடுத்தா வாங்காதீங்க. செயின் கண்ணியைக் கையால திருப்பிப் பாருங்க, கண்ணியும் கண்ணியும் உரசுற இடத்துல உப்பு தின்னு பாதியா தேஞ்சிருக்கும், வெளிய பெயிண்ட் அடிச்சிருந்தா தெரியாது.

சக்கரத்துக்கிட்ட சூடு, கருகுன வாடை, உர்ருன்னு சத்தம்

படகு இறக்குன ட்ரெய்லர்ல அதிகமா வர்றது இதுதான். காரணத்தைப் புரிஞ்சுக்கங்க. ரோட்டுல ஓடி வந்த ஹப், அதாவது சக்கரத்து நடுவுல பேரிங் உக்காந்திருக்கற குடம், சூடா இருக்கும், அப்படியே தண்ணிக்குள்ள இறக்குனா உள்ள இருக்கற காத்து சட்டுன்னு குளுந்து சுருங்கும், சுருங்குன இடத்துக்கு சீல் வழியா கடல் தண்ணியை உறிஞ்சிக்கும். அந்தத் தண்ணி கிரீஸோட கலந்து பேரிங்கைத் திங்க ஆரம்பிச்சுரும். கடற்கரையில இருந்து வீட்டுக்குன்னு ரெண்டு கிலோமீட்டர் ஓடுற வரைக்கும் அது வெளிய தெரியாது. நீங்க 500 கிலோமீட்டர் எடுத்துட்டுப் போகும்போதுதான் தெரியும்.

கிளம்பி முதல் தடவை உச்சிப்புளியில நிறுத்துங்க, அடுத்து ராமநாதபுரத்துல, அப்புறம் டீக்கு நிக்கற ஒவ்வொரு இடத்துலயும் இறங்கி ஹப்பைத் தொட்டுப் பாருங்க. உள்ளங்கையை அப்படியே வைக்காதீங்க, புறங்கையைக் கிட்ட கொண்டு போய் சூட்டைப் பாத்துட்டு அப்புறம் தொடுங்க. வெதுவெதுப்பா இருந்தா சரி. கை வைக்க முடியலைன்னாலோ, ஒரு பக்கம் வெதுவெதுப்பா மறு பக்கம் கொதிக்குதுன்னாலோ அந்தப் பக்கம் பேரிங் போயிட்டு இருக்கு. மேல தண்ணியை ஊத்தி ஆத்திட்டு ஓட்டலாம்னு நினைக்காதீங்க.

ஜாக்கி வச்சு அந்தச் சக்கரத்தைத் தூக்கி, மேலயும் கீழயும் ரெண்டு கையால பிடிச்சு உள்பக்கமும் வெளிப்பக்கமுமா ஆட்டுங்க. கடகடன்னு ஆட்டம் இருந்தா பேரிங் தளர்ந்திருக்கு. சக்கரத்தைச் சுத்தி விட்டு காதைக் கிட்ட வைங்க, சர்ருன்னு மண்ணு அரைக்கற சத்தம் வந்தா பேரிங் போச்சு. மூடியைத் தட்டிக் கழட்டி கிரீஸைப் பாருங்க. நல்ல கிரீஸ் ஒரே நிறமா, பிசுபிசுப்பா இருக்கும். வெள்ளையா கலங்கி இருந்தா தண்ணி போயிருக்கு, மினுமினுன்னு பொடி தெரிஞ்சா பேரிங் தேஞ்சு அந்த இரும்பு கிரீஸுக்கு வந்துருச்சு. சும்மா தளர்ந்து மட்டும் இருந்தா, சக்கரத்தைச் சுத்திக்கிட்டே நட்டை இறுக்கி, அப்புறம் லேசா தளர்த்தி அடுத்த துவாரத்துல ஸ்ப்ளிட் பின்னைப் போட்டு மடக்கணும், பழைய பின்னையே திரும்பப் போடாம புதுசா போடுங்க. ரொம்ப இறுக்கி விட்டாலும் சூடாகும்.

நான் சொல்றது என்னன்னா, வாடகைக்கு எடுக்கும்போதே கேட்டு வாங்கிருங்க: "அண்ணே, இது கடல்ல இறங்குன வண்டியா? கடைசியா எப்ப கிரீஸ் மாத்துனீங்க?" பதில் இழுத்தா, கிளம்புறதுக்கு முந்தின நாளே ரெண்டு ஹப்பையும் பிரிச்சு கழுவி தண்ணி தாங்குற கிரீஸ் வச்சு புது சீல் போட்டுருங்க. பேரிங் பிரிஞ்சு சக்கரம் கழண்டு ஓடுனா அது உங்க ட்ரெய்லரோட நிக்காது, ரோட்டுல வர்றவன் மேலதான் போய் விழும்.

சூட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு, ட்ரெய்லர்ல ஹேண்ட்பிரேக் இருந்து அதை முழுசா எடுக்காம விட்டுருந்தாலும் ஹப் சூடாகும், முதல்ல அதைப் பாத்துட்டு அப்புறம் பேரிங்கைப் பிரிங்க.

டயர்

காத்து குறைஞ்ச ட்ரெய்லர் டயர் ஓட்டத்துல தெரியவே தெரியாது, ஸ்டியரிங் இழுக்காது, சத்தம் வராது, வெடிச்ச பிறகுதான் தெரியும். அதனால காலையில ஓடுறதுக்கு முன்னாடி, டயர் குளுமையா இருக்கும்போது காத்து பாருங்க. டயர் ஓரத்துல அதிகபட்சக் காத்து அளவு எழுதியிருக்கும், முழுப் பாரம் ஏத்துன சின்ன ட்ரெய்லருக்கு அந்த அளவையே வைக்கலாம். ஓடி வந்த சூட்டுல காத்து கூடத்தான் காட்டும், அதைப் பாத்துட்டு எறக்கி விட்டுராதீங்க.

வாடகை ட்ரெய்லர்ல பட்டன் நல்லாதான் இருக்கும், ஏன்னா அது ஓடுனதே கொஞ்சம், ஆனா வருஷக்கணக்கா வெயில்ல நின்னு ரப்பர் செத்திருக்கும். டயர் ஓரத்துல நாலு எண் சேர்ந்து ஒரு முத்திரை இருக்கும், 2318-ன்னா 2018-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்சது. ஓரத்துல முடி மாதிரி வெடிப்பு ஓடியிருந்தா அந்த டயர்ல நீண்ட தூரம் போகாதீங்க. ஒரு பக்க ஓரம் மட்டும் தேஞ்சிருந்தா ஆக்ஸில் வளைஞ்சிருக்கு, வேற ட்ரெய்லர் கேளுங்க.

பஞ்சர் ஆனா ட்ரெய்லருக்குன்னு தனி ஸ்டெப்னி இருக்கான்னு கிளம்பும்போதே பாத்திருக்கணும், பிக்கப் ஸ்டெப்னியோட நட்டு துவாரம் ட்ரெய்லர் ஹப்புக்குப் பெரும்பாலும் ஒக்காது. வீல் ஸ்பேனரும் ட்ரெய்லர் நட்டுக்குச் சேருதான்னு போட்டுப் பாத்துருங்க. சக்கரம் கழட்டி மாட்டுன வண்டின்னா 50-ல இருந்து 80 கிலோமீட்டர் ஓடுனதும் நட்டை மறுபடி இறுக்கணும், ராமேஸ்வரத்துல இருந்து ராமநாதபுரம் கிட்டத்தட்ட அந்தத் தூரம்தான், அங்கயே வேலையை முடிச்சுருங்க. ஒரு வேண்டுகோள், கிழக்குக் கடற்கரைச் சாலையில நிறுத்தும்போது தாரை விட்டு ரொம்ப இறக்காதீங்க. மணல்ல சக்கரம் புதையும், புதையலைன்னா சீமைக்கருவேல முள்ளு ஏறும், பழைய டயர்ல அந்த முள்ளு ஆணி மாதிரி இறங்கும். பெட்ரோல் பங்க் பாத்து நிறுத்துங்க.

இண்டிகேட்டர் போட்டா டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்குது, இல்ல லைட்டே மங்கலா எரியுது

எர்த்து. பல்பை மாத்திக்கிட்டே இருக்காதீங்க, நம்ம பக்கத்து ட்ரெய்லர்ல லைட் கோளாறுன்னாலே முதல்ல எர்த்தைத்தான் சந்தேகப்படணும். கரெண்ட் திரும்பிப் போக நல்ல வழி இல்லாததால பக்கத்து பல்பு வழியா வழி தேடுது, அதனாலதான் ஒண்ணு போட்டா இன்னொண்ணு எரியுது.

சோதிக்கற வழி: ஒரு நீள வயரை எடுத்து ஒரு முனையை பிக்கப் சேஸியில பெயிண்ட் இல்லாத இரும்புல அழுத்திப் பிடிங்க, மறு முனையை ட்ரெய்லர் லைட்டோட எர்த்து வயர்ல வைங்க. லைட் பளிச்சுன்னு எரிஞ்சா கோளாறு எர்த்துதான். ட்ரெய்லர் மூக்குக்கிட்ட ஒரு வயர் சேஸியோட போல்ட்டு போட்டு முறுக்கியிருக்கும், பெரும்பாலும் வெள்ளை வயரு, ஆனா லோக்கல்ல மாத்தி மாத்தி ஒட்டுன வண்டியில நிறத்தை நம்பாதீங்க. அந்த போல்ட்டைக் கழட்டுனா வளையத்துக்கு அடியில பச்சையும் வெள்ளையுமா பூத்திருக்கும், இரும்பு பழுப்பு ஏறி செதில் செதிலா இருக்கும். உப்புத்தாள் வச்சு இரும்பு வெள்ளையா தெரியற வரைக்கும் தேய்ங்க, வளையத்தையும் தேய்ங்க, இறுக்கி மாட்டி மேல கொஞ்சம் கிரீஸ் தடவுங்க. முடிஞ்சா லைட்டுக்கு எர்த்தை சேஸி வழியா விடாம பிளக் வரைக்கும் தனி வயரே இழுத்துருங்க, அதுக்கு அப்புறம் அந்தத் தொல்லை இருக்காது.

எர்த்து சரியா இருந்தும் ஒரு பக்கம் மட்டும் எரியலைன்னா அந்தப் பக்கத்து பல்பு, ஹோல்டர், பிளக்கோட பின், இந்த வரிசையில பாருங்க. ஹோல்டர்ல இருக்கற பித்தளைத் தகடு உப்பு பட்டு அமுங்கிப் போயிருக்கும், லேசா நெம்பி விட்டா போதும். இண்டிகேட்டர் படபடன்னு வேகமா அடிச்சா எங்கயோ ஒரு பல்பு போயிருக்கு. பியூஸ் திரும்பத் திரும்ப போச்சுன்னா வயர் எங்கயோ தோல் உரிஞ்சு இரும்புல உரசுது, பெரிய பியூஸ் போட்டு சமாளிக்காதீங்க, பிக்கப் வயரிங் மொத்தமும் உருகிரும்.

ராத்திரி ஓட்டத்துல ட்ரெய்லர் லைட் சரியாகவே இல்லைன்னா விடியற வரைக்கும் நிறுத்திருங்க. பின்னாடி வர்ற லாரிக்காரனுக்கு பிக்கப்போட லைட்டு ட்ரெய்லர் மறைவுல தெரியாது.

பிரேக் பிடிச்சா பின்னாடி இருந்து தள்ளுது

சின்ன ட்ரெய்லர்ல பெரும்பாலும் பிரேக்கே கிடையாது, அதோட பாரத்தையும் பிக்கப் பிரேக்தான் நிறுத்தணும். முன்னாடி போற வண்டிக்கும் உங்களுக்கும் நடுவுல வழக்கமா விடுற இடத்தைப் போல ரெண்டு மடங்கு விடுங்க. தேவிபட்டினம், திருப்பாலைக்குடி பக்கம் ஆட்டு மந்தை குறுக்க வரும், தூரத்துல ஆடு தெரிஞ்சதுமே கியரைக் குறைங்க. பாம்பன் பாலம் நடுவுல உசந்து ரெண்டு பக்கமும் இறங்கும், இறக்கத்துல நியூட்ரல்ல விடாம மூணாவது கியர்ல இறக்குங்க, பிரேக்கை விட்டு விட்டு மிதிங்க, அழுத்திட்டே வந்தா சூடாகி பெடல் பஞ்சு மாதிரி ஆயிரும். தானா பிரேக் பிடிக்கற கப்ளிங் உள்ள ட்ரெய்லர்ல, பின்னாடி எடுக்கும்போது சக்கரம் இறுகி நின்னா அது கோளாறு இல்ல, ரிவர்ஸ் லாக் போடணும், முன்னாடி கிளம்பும்போது அதை மறக்காம எடுக்கணும்.

இஞ்சின் சூடு, கிளட்ச் வாடை

சித்திரை வெயில்ல மதியம் இழுக்காதீங்க, விடியக்காலையில கிளம்புங்க. சூட்டு முள்ளு ஏறுனா ஏசியை நிறுத்துங்க, கியரைக் குறைச்சு வேகத்தைக் குறைங்க, இன்னும் ஏறுனா ஓரம் கட்டி பானெட்டைத் திறந்து ஆற விடுங்க, ரேடியேட்டர் மூடியை சூட்டோட திறக்கவே கூடாது. கிளட்ச் கருகுன வாடை வந்தா அரைக் கிளட்ச்ல வண்டியைத் தாங்கி நிறுத்துறீங்கன்னு அர்த்தம், மேட்டுல ஹேண்ட்பிரேக் போட்டு முதல் கியர்லயே எடுங்க.

ரிவர்ஸ்ல நினைச்ச பக்கம் போக மாட்டேங்குது

ஸ்டியரிங்கோட அடிப்பக்கத்தைப் பிடிங்க. ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ கையை அந்தப் பக்கம் நகத்துங்க. கொஞ்சம் கொஞ்சமா. சின்ன ட்ரெய்லர் சட்டுன்னு மடங்கும், மடங்க ஆரம்பிச்சா முன்னாடி எடுத்து நேராக்கிட்டு திரும்ப ஆரம்பிங்க, அப்படியே திருகிக்கிட்டே போனா ட்ரெய்லர் மூக்கு பம்பர்ல குத்தும். புது வீட்டுத் தெரு குறுகலா இருந்தா முக்குலயே கழட்டி ரெண்டு பேர் தள்ளிட்டுப் போறது எவ்வளவோ மேல்.

கட்டு தளருது

நைலான் கயிறு புதுசா கட்டுனா முதல் ஒரு மணி நேரத்துல இளகும், எல்லாக் கயிறும் இளகும், அதனால ராமநாதபுரத்துல ஒரு தடவை இறுக்கிக் கட்டணும். ரேச்செட் பெல்ட்டு, அதாவது கைப்பிடியை ஆட்டி இறுக்கற பட்டை இருந்தா பீரோவுக்கும் பிரிட்ஜுக்கும் அதைப் போடுங்க. சாமான் மேல யாரையும் உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போகாதீங்க, ட்ரெய்லர்ல ஆளே ஏறக் கூடாது, பிடிச்சுக்கறேன் மாமான்னு பையன் கேட்டாலும் வேண்டாம்.

போலீஸ் நிறுத்துனா

ட்ரெய்லருக்குத் தனி பதிவு எண் உண்டு, அதோட ஆர்சி, இன்சூரன்ஸ் காப்பியை வாடகைக்கு எடுக்கும்போதே வாங்கி வச்சுக்கங்க. பின்னாடி நம்பர் பிளேட் சாமான்ல மறையாம இருக்கணும்.

போய்ச் சேந்தாச்சு, கப்ளர் கழண்டு வர மாட்டேங்குது

சுத்தியலால அடிக்காதீங்க. குண்டு மேல இழுவை இருக்கு, அதனால பிடிச்சுக்கிட்டு இருக்கு. ட்ரெய்லர் சக்கரத்துக்கு கல்லு குடுத்துட்டு பிக்கப்பை ஒரு விரற்கடை முன்னயோ பின்னயோ நகத்துங்க, மூக்குக்கு அடியில ஜாக்கி குடுத்து பாரத்தை எடுங்க, லாக்கைத் திறங்க, வந்துரும். வராட்டி உப்புத் துரு, டீசலோ துரு எண்ணெயோ விட்டு கொஞ்ச நேரம் விட்டுருங்க.

கழட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணைப் பாத்துக்கங்க: சாமான் இறக்கும்போது முன்பக்கத்தை முதல்ல காலி பண்ணிட்டு பின்னாடி கனத்தை விட்டு வச்சிருந்தா, லாக் திறந்ததும் மூக்கு விசுக்குன்னு மேல எகிறும், குனிஞ்சிருக்கற ஆளோட தாடையிலதான் போய் அடிக்கும். அதனால வண்டியில மாட்டியிருக்கும்போதே பின்பக்க சாமானை முதல்ல இறக்குங்க. சின்னப் பிள்ளைங்களை அந்தப் பக்கம் விடாதீங்க. எல்லாம் இறக்கின பிறகு திருப்பிக் கொண்டு போறதுக்கு முன்னாடி நல்ல தண்ணி ஊத்தி ஹப், செயின், ஸ்பிரிங் பட்டை எல்லாத்தையும் கழுவி விட்டுருங்க, வழியில என்ன கோளாறு பாத்தீங்களோ அதை வாடகைக்காரர்கிட்ட சொல்லிருங்க, அடுத்து எடுத்துட்டுப் போறவங்க அதே ஹப்போடதான் பாலம் ஏறணும்.